பேயுருவம் தாங்கிய கேக்

அயர்லாந்து, பிரித்தானியா, அமெரிக்கா முதலிய நாடுகளில் ஒக்டோபர் 31ஆந் திகதி இரவு பல இல்லங்களில் விந்தையானதொரு கேக் மேசைமீது வைக்கப்படும். அதன்மேற் சிலந்திவலை பின்னியிருக்கும். வலையின் ஓரத்தே வெண்ணிறப் பேய்கள் நின்று விழிக்கும். சிறுவர்களோ அஞ்சுவதற்குப் பதிலாகக் கைகொட்டிச் சிரித்து, பேயின் தலையையே முதலிற் கேட்பர். உண்ணும் பண்டத்திற் பேயுருவம் அமைப்பது தகுமோ? மரித்தோரை எள்ளி நகையாடுவதன்றோ இது? இவ்வாறு நேயர்கள் வினவக்கூடும். விடை காண்பதற்கு அப்பண்டத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

அந்நாளுக்கு ஹலோவீன் என்பது பெயர். நவம்பர் முதலாந் திகதி வரும் சகல புனிதர் திருநாளுக்கு முந்திய மாலை என்பதே அதன் பொருள். நவம்பர் 2ஆந் திகதி மரித்தோர் அனைவரையும் நினைவுகூரும் நாளாகும். கிறித்தவம் பரவுமுன்னரே அயர்லாந்து மக்கள் குளிர்காலம் தொடங்கும் இவ்வேளையில் ஒரு விழா எடுத்தனர். அவ்விரவில் மறுவுலகின் வாயில் திறக்கும் என்னும் நம்பிக்கை அந்நாட்டின் பழங்கதைகளிற் காணப்படுகின்றது.

இங்கிலாந்தில் முற்காலத்தில் இந்நாட்களில் 'ஆன்மக் கேக்' எனப்படும் சிறு வட்டப் பணியாரங்களைச் சுட்டனர். வீடுதோறும் வந்த வறியோரும் சிறுவரும் அவற்றைப் பெற்று, அவ்வீட்டில் இறந்தோருக்காகச் செபித்தனர். ஈந்தவருக்கு மன ஆறுதல், பெற்றவருக்குப் பசியாறுதல். சாதிக்காய், இஞ்சி, கறுவா ஆகியவை அதற்கு மணமூட்டின. அக்கறுவாவிற் சிறந்தது நம் இலங்கையில் விளைவதே என்பது குறிப்பிடத்தக்கது. சகல புனிதர் திருநாளில் ஈனக்குரலில் இரக்கும் வறியவனை ஷேக்ஸ்பியரும் தமது நாடகமொன்றில் உவமையாகக் காட்டியுள்ளார்.

அயர்லாந்திலோ 'பார்ம்பிராக்' என்னும் இனிப்பு ரொட்டி இன்றும் அந்நாளுக்கு உரியது. புள்ளியிட்ட ரொட்டி என்பது அப்பெயரின் பொருள். தேநீரில் ஊறிய முந்திரிகை வற்றலே அப்புள்ளிகள். மாவினுள் மோதிரம், நாணயம், பட்டாணி, கந்தைத்துணி ஆகியவற்றை மறைத்து வைத்துச் சுடுவது பழைய வழக்கம். மோதிரம் பெற்றவருக்கு அவ்வாண்டில் மணம்; நாணயம் பெற்றவருக்குச் செல்வம்; பட்டாணி பெற்றவருக்கு அவ்வாண்டில் மணமில்லை; கந்தை பெற்றவருக்கு வறுமை. வரும் ஆண்டை எண்ணி அஞ்சிய மக்கள் அவ்வச்சத்தையும் ஒரு விளையாட்டாக்கிப் பகிர்ந்துண்டனர்.

1845இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தினால் எண்ணற்ற ஐரிஷ் மக்கள் அமெரிக்கா சென்றனர். அவர்களோடு இத்திருநாளும் கடல் கடந்தது. தாயகத்திற் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றியோர், அங்கே மலிவாகக் கிடைத்த பூசணியைக் குடைந்தனர். பேயுருவங்கள் பெருகின; அவை கேக்கின்மீதும் ஏறின.

அதனைச் செய்யும் முறை அரிதன்று. கொக்கோ கலந்து வெதுப்பிய கேக் நன்கு ஆறிய பின்னர், அதன்மேல் வெள்ளை ஐசிங்கைப் பரப்புதல் வேண்டும். அது உறையுமுன், உருக்கிய சொக்கிலேற்றினால் ஒன்றினுள் ஒன்றாக ஐந்தாறு வட்டங்கள் வரைந்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஈர்க்கினால் எட்டுக் கோடுகள் இழுத்தால் வட்டங்கள் வளைந்து வலையாகும். இரண்டும் ஈரமாயிருப்பதனாலேயே இது கைகூடும். உறைந்தபின் இழுத்தால் ஐசிங் வெடிக்கும். பேய் செய்வதற்கு, இரண்டு முட்டைகளின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, 100 கிராம் சீனியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கலவை நிமிர்ந்து நிற்கும் பதம் வந்ததும் கூம்புத்தாளினாற் பிழிவர். 100 பாகை செல்சியஸ் அளவான இளஞ்சூட்டில் ஒன்றரை மணி நேரம் வரை உலர்த்துவர். சூடு மிகுந்தாற் பேய் பழுப்பேறிவிடும். கண்களுக்கு இரு சொக்கிலேற்றுப் புள்ளிகள் போதும்.

ஆகவே இக்கேக் மரித்தோரை இகழ்வதன்று. இருளைக் கண்டு நடுங்கும் குழந்தை, தன் கையாற் பேயைச் செய்து, தன் வாயால் அதனை உண்ணும்போது அச்சம் அகலுகின்றது. எனினும், பண்டைய வழக்கின் ஒரு கூறு இதில் மறைந்துபோயிற்று. அந்நாளிற் கேக் வாயிலில் நின்ற வறியவனுக்கும் உரியதாயிருந்தது. பேயை வரைவதிற் காட்டும் கவனத்தோடு, அயலிலுள்ள ஏழைக் குழந்தைக்கும் ஒரு துண்டை அளிக்கும் நினைவும் சேருமாயின், இறந்தோரின் பெயரால் எழுந்த அவ்விழா இருப்போருக்கும் பயன் தருவதாகும்.