பல்முரசுச் சிகிச்சையில் நோவும் இரத்தமும்

பல்லைத் தாங்கி நிற்கும் முரசு, அதாவது ஈறு, இரத்த நாளங்கள் நிறைந்த தசை. நோயுற்ற முரசைக் கீறி விலக்கி, பல்வேரில் இறுகிய காறையை அகற்றித் தைக்கும்போது, வைத்தியர் அடக்க வேண்டியவை இரண்டு: ஒன்று நோவு, மற்றது இரத்தப்பெருக்கு. இரண்டையும் அடக்க ஒரே ஊசி உதவுகிறது. ஆனால் அதன் காவல் சில மணி நேரமே. மன்னாரில் சிகிச்சை பெற்று, தெற்கே முசலிக் கரையிலுள்ள சிலாவத்துறைக்கோ மறிச்சுக்கட்டிக்கோ திரும்பும் ஒருவர் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

உணர்வை மரக்கச் செய்யும் மருந்தாக முதலில் வந்தது கொக்கெயின். 1884ஆம் ஆண்டில் வியன்னாவில் கார்ல் கொல்லர் அதனைக் கண் சிகிச்சையில் பயன்படுத்தினார். எனினும் அது நஞ்சாகவும், அடிமைப்படுத்தும் பொருளாகவும் இருந்தது. மறிச்சுக்கட்டியில் பெரும் முத்துக்குளிப்பு நடைபெற்ற 1905ஆம் ஆண்டில், ஜெர்மனியில் புரோக்கெயின் என்னும் தீங்கு குறைந்த மருந்து வழக்குக்கு வந்தது. 1943இல் சுவீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் ஆக்கிய லிடோகெயினே இன்று பல் வைத்தியத்தில் பெரிதும் பயன்படுவது.

லிடோகெயின் நரம்பின் செய்தியை மூளைக்குச் செல்லவிடாது தடுக்கிறது. ஆயினும் அது இரத்த நாளங்களை விரியச் செய்யும் இயல்புடையது. ஆகவே அதனுடன் அட்ரினலின் சேர்க்கப்படுகிறது. 80,000 பங்கில் ஒரு பங்கு என்னும் நுண்ணளவே போதும். நாளங்கள் சுருங்குகின்றன, இரத்தம் குறைகிறது, மருந்தும் விரைவில் கரைந்து போகாமல் நிற்கிறது. கீழ்த்தாடையின் பின்புறத்தில் இடும் ஊசி தாடையை மரக்கச் செய்யுமே அன்றி, முரசின் இரத்தத்தைக் குறைக்காது. அதற்காகக் கீறும் இடத்தருகே மற்றோர் ஊசி வேண்டும். இரண்டாம் ஊசியைக் கண்டு நோயாளி அஞ்ச வேண்டியதில்லை.

மருந்தின் வேகம் தணிந்ததும் சுருங்கிய நாளங்கள் மீண்டும் விரிகின்றன. ஆஸ்பத்திரியில் நின்றிருந்த இரத்தம் வீட்டில் மறுபடி கசியக்கூடும். உமிழ்நீர் சற்றுச் சிவந்திருப்பது இயல்பே. இரத்தம் பெருகினால், சுத்தமான துணியை மடித்து அவ்விடத்தில் வைத்து, இருபது நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்த வேண்டும். அதன் பின்னும் நில்லாவிடில் இரவென்று பாராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அன்று அடிக்கடி கொப்பளித்தலும் துப்புதலும் கூடா. அவை உறைந்த இரத்தத்தைப் பெயர்த்துவிடும். சூடான தேநீரை அன்று விலக்குக. வெற்றிலையும் புகையிலையும் புண் ஆறும்வரை வேண்டா.

சிகிச்சைக்கு முன்பே சொல்ல வேண்டியவையும் உண்டு. இருதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்க்கு அட்ரினலினின் அளவை வைத்தியர் மட்டுப்படுத்துவார். அஸ்பிரின், வார்ஃபரின் போன்ற மருந்துகளை உட்கொள்வோர் அதனை மறைத்தலும் தவறு. தாமாகவே நிறுத்திவிடுதலும் ஆபத்து. ஊசி தன் பணியைச் சிகிச்சை அறையில் முடித்துவிடுகிறது. அதன் பின் வரும் முதல் நாளின் காவல் நோயாளியின் கையிலேயே உள்ளது.