பாட்டி படகில் வந்தார், அம்மா முகாமில் பிறந்தார்: குடியுரிமை யாருக்கு?

ஆரணின்னா பட்டு. அதே திருவண்ணாமலை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களும் இருக்கின்றன. 1983 கலவரத்துக்குப் பிறகு தமிழகத்துக்குப் படகேறி வந்த பாட்டிகள் பலர் இப்போது இல்லை. ஆனால், அவர்கள் பிள்ளை பெற்ற தேதிதான் இன்றும் குடும்பத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்க, 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் முதல்முறை ஓட்டுப் போட்டார்.

அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்த தங்கை, தம்பிக்கு இது பொருந்தாது. பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்கணும்.

அதனால்தான் ‘அம்மா எந்த ஆஸ்பத்திரியில, எந்த வருஷம் பிறந்தாங்க?’ என்று பாட்டியிடம் கேட்பது வெறும் குடும்பக் கதை இல்லை. பிறப்புச் சான்றிதழைத் தேட அந்த ஞாபகம்தான் முதல் துப்பு.