ஊராட்சிக் கணக்கைக் காணும் உரிமை

சங்கக் கணக்கைப் பொதுக் குழுவில் கேட்டறியும் அங்கத்தினர்கள், ஊராட்சிக் கணக்கைக் கேட்கத் தயங்குவதை நாம் காண்கிறோம். வாய்க்கால் தூர்வாரியதாகச் செலவு எழுதப்பட்டும் அது மேடிட்டே கிடக்குமாயின், நட்டம் பயிரிடுவோருக்கே.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம்; காரணம் கூற வேண்டுவதில்லை. வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோருக்குக் கட்டணமில்லை. அளவுப் புத்தகம், செலவுச் சீட்டு முதலியவற்றைப் பார்வையிடவும், நகல் பெறவும், நடந்த வேலையை நேரில் காணவும் உரிமையுண்டு. 30 நாட்களில் பதில் வராவிடில், அடுத்த 30 நாட்களுக்குள் மேல் அலுவலரிடம் முறையீடு செய்யலாம். பின்னர் தரப்படும் நகலுக்குக் கட்டணமும் இல்லை.

"கணக்கைக் காட்டுக" என்று பொதுவாக எழுதற்க. வேலையின் பெயரையும் ஆண்டையும் குறித்துக் கேட்பின், மழுப்பலான விடைக்கு இடமிராது.