தோலின் நோயும் இரத்தத்தின் கொழுப்பும்

நோய்களுட் சில உடலை வருத்துவன. சில உள்ளத்தை வருத்துவன. இவ்விரண்டையும் ஒருங்கே வருத்தும் நோய்களுள் ஒன்று, சித்த வைத்தியர் காளாஞ்சகப்படை என்றும் மேனாட்டு வைத்தியர் சொரியாசிஸ் என்றும் கூறும் தோல் நோயாகும். முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் தோல் சிவந்து தடித்து, வெள்ளி போன்ற செதிள்களாக உதிர்வதைக் கண்டவர், தம்மையும் பற்றிவிடுமோ என்றஞ்சி விலகி நிற்பர். குட்டமோ என்று ஐயுறுவாரும் உளர். ஆனால், வியன்னா நகரத்துத் தோல் வைத்தியர் பெர்டினாந்து எப்ரா என்பார் 1841ஆம் ஆண்டிலேயே இது குட்டநோயினின்றும் வேறானது எனத் தெளிவுபடுத்திவிட்டார். இது தொற்றுநோயன்று. நோயாளரைத் தொட்டாலும், அவரோடு ஒரே பாத்திரத்தில் உண்டாலும், இது மற்றவரைப் பற்றாது.

நலமுள்ள தோலின் மேற்படை தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். சொரியாசிஸ் கண்ட இடத்திலோ அவ்வேலை சில நாட்களிலேயே நடந்துவிடுகின்றது. முதிர்ச்சியடையாத உயிர்க்கலங்கள் மேலே வந்து குவிந்து செதிள்களாகின்றன. உடலைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி நெறி தவறித் தன் உடலிலேயே அழற்சியை மூட்டுவது இதற்குக் காரணமாகும்.

அவ்வழற்சி தோலோடு நின்றுவிடுவதில்லை. நோயாளர் பத்துப் பேருள் இருவர் அல்லது மூவருக்கு அது மூட்டுகளையும் தாக்குகின்றது. நெடுங்காலம் இம்மூட்டு நோயை மற்ற வாதங்களோடு சேர்த்தே எண்ணி வந்தனர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து வைத்தியர்களான மோல், றைட் என்னும் இருவர் 1973இல் இதன் வகைகளை வரையறுத்து, இது தனியொரு நோயென நிலைநாட்டினர்.

இந்நோய் புகுந்த வீட்டில் எழும் முதற் கேள்வி, "எதை உண்ணலாம், எதை விலக்கலாம்?" என்பதே. அதற்கு விடை காண முயன்ற விஞ்ஞானிகள் தோலை மட்டும் நோக்கியமையாது, இரத்தத்திலுள்ள கொழுப்பையும் ஆராயலாயினர். அவ்வாராய்ச்சியின் வரலாறு மாணவரும் அறியத்தக்கது.

1929இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவை ஊட்டினர். எலிகளின் தோலும் வாலும் செதிள் செதிளாக உரியத் தொடங்கின. லினோலெயிக் அமிலம் என்னும் கொழுப்பமிலத்தைச் சிறிதளவு கொடுத்ததும் அவை தேறின. உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத கொழுப்பமிலங்களும் உண்டு, அவை குன்றினால் தோல் கெடும் என்பது இதனால் விளங்கிற்று. பின்னர் 1952இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ், மார்ட்டின் ஆகிய இருவரும், கொழுப்பமிலக் கலவையை ஆவியாக்கி, அதிலுள்ள ஒவ்வோர் அமிலத்தையும் வேறு பிரித்து அளக்கும் முறையொன்றை வகுத்தனர். அம்முறை வளர்ந்ததன் பயனாக, சில துளி இரத்தத்திலும் எந்தக் கொழுப்பமிலம் எவ்வளவு உண்டெனக் கணக்கிடல் கைகூடிற்று.

1970இல் கிறீன்லாந்துக்குச் சென்றனர் டென்மார்க்கு நாட்டு வைத்தியர்களாகிய பாங், டயர்பெர்க் என்போர். அங்கு வாழும் இனுயிட் மக்கள் கடல்நாயின் இறைச்சியையும் திமிங்கிலக் கொழுப்பையும் மீனையும் உண்பவர். இத்துணைக் கொழுப்பை உண்டும் அவர்களிடையே மாரடைப்பு அரிதாயிருந்தது. அவர்கள் இரத்தத்தைச் சோதித்தபோது, டென்மார்க்கினரின் இரத்தத்தில் மிகுந்து காணப்படும் அரக்கிடோனிக் அமிலம் குறைந்தும், கடலுணவிலிருந்து வரும் ஐக்கோசாபென்ரனோயிக் அமிலம் மிகுந்தும் காணப்பட்டன. மேலும், அந்நாட்டின் உப்பர்னவிக் வட்டாரத்தில் 1950 முதல் 1974 வரை கண்ட நோய்களைக் குரோமன், கிறீன் என்னும் இருவர் கணக்கெடுத்து 1980இல் வெளியிட்டனர். டென்மார்க்கு நிலவரப்படி சொரியாசிஸ் நோயாளர் 40 பேர் இருந்திருக்க வேண்டிய அவ்விடத்தில் இருவரே காணப்பட்டனர். ஆயினும் பக்கவாதம் அங்கே குறையவில்லை. எதிர்பார்த்ததினும் மிகுந்தே இருந்தது. எவ்வுணவும் முழுக்க முழுக்க அமுதமன்று என்பதற்கு இதுவே சான்றாகும்.

மேலே கூறிய இரு அமிலங்களும் அண்ணன் தம்பி போன்றவை. இரண்டிலும் காபன் அணுக்கள் இருபது. ஒன்றில் நான்கு இரட்டைப் பிணைப்புகளும் மற்றதில் ஐந்தும் உள்ளன. ஒரே நொதியங்களே இரண்டையும் மாற்றியமைக்கின்றன. அரக்கிடோனிக் அமிலத்திலிருந்து பிறக்கும் லியூக்கோத்திரையீன் பி4 என்னும் பொருள், வெண்குருதிக் கலங்களைக் கூவியழைத்து அழற்சியை வளர்க்கும். மீன்கொழுப்பின் அமிலத்திலிருந்து பிறக்கும் பி5 என்பதற்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. 1975இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் சொரியாசிஸ் படர்ந்த தோலில் அரக்கிடோனிக் அமிலம் பன்மடங்கு மிகுந்திருக்கக் கண்டனர். அவர்களுள் ஒருவரான சாமுவேல்சன், இத்துறை ஆராய்ச்சிக்காக 1982இல் மற்றும் இருவரோடு நோபல் பரிசு பெற்றார்.

ஆகவே, இரத்தத்தில் மீன்கொழுப்பை மிகுவித்தால் நோய் அடங்கும் என எண்ணியது இயல்பே. 1988இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் 28 நோயாளரிடம் எட்டு வாரம் நடத்திய சோதனையில், மீனெண்ணெய் உண்டோருக்கு அரிப்பும் சிவப்பும் செதிளும் தணிந்தன. நம்பிக்கை வளர்ந்தது. ஆனால் 1993இல் நோர்வே நாட்டவர் நடத்திய சோதனை அதனினும் பெரிது. நோயாளர் 145 பேருள் ஒரு பகுதியார் நாடோறும் 6 கிராம் சுத்திகரித்த மீனெண்ணெயையும், மறு பகுதியார் சோள எண்ணெயையும் நான்கு மாதம் உட்கொண்டனர். மீனெண்ணெய் உண்டவரின் இரத்தத்தில் ஒமேகா-3 அமிலங்கள் உயர்ந்தன. ஆயினும் அவர்கள் சோள எண்ணெய் உண்டவரினும் மேலான குணம் அடையவில்லை. இரத்தம் மாறியது, அதற்கேற்பத் தோல் மாறவில்லை!

மூட்டு நோயின் செய்தி சிறிது ஆறுதலானது. டென்மார்க்கில் 145 நோயாளரைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட சோதனையில், சிலர் நாடோறும் 3 கிராம் ஒமேகா-3 அமிலங்களையும் சிலர் ஒலிவ் எண்ணெயையும் 24 வாரம் உட்கொண்டனர். மூட்டுகளின் நிலையில் இரு சாராருக்கும் இடையே உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் ஒமேகா-3 உண்டவர்களின் வெண்குருதிக் கலங்கள் லியூக்கோத்திரையீன் பி4ஐக் குறைவாகவே ஆக்கின. அவர்கள் உட்கொண்ட வலிநீக்கி மாத்திரைகளும் குறைந்தன. நீண்டகாலம் உண்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்ல அம்மாத்திரைகள் குறைவது சிறிய நன்மையன்று.

இவற்றால் நாம் பெறும் பாடம் யாது? இரத்தத்தின் கொழுப்பு நோயின் போக்கை அறிய உதவும் ஒரு சாளரம். அது நோயின் மூலவேர் அன்று. சூடையும் சாளையும் கும்பளாவும் போன்ற கொழுப்புள்ள மீன்கள் நல்லுணவே. சொரியாசிஸ் உள்ளோருக்கு இதயநோய் வரும் வாய்ப்பும் கூடுதலாகையால், அம்மீன்களை வீணே விலக்கவேண்டியதில்லை. உடல் பருத்தவர் எடையைக் குறைத்தால் தோலும் தேறுவதுண்டு. புகையும் மதுவும் தவிர்த்தல் நன்று. ஆனால், மீனெண்ணெயை நம்பி வைத்தியர் தந்த மருந்தை நிறுத்துவது ஆற்றின் நடுவே ஓடத்தைக் கைவிடுவதை ஒக்கும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர் வைத்தியரைக் கேளாது மீனெண்ணெயை மிகுதியாக உண்ணலும் ஆகாது.

இன்னொன்றும் நினைவிலிருத்தல் வேண்டும். பெரும்பாலும் தோல் நோய் முந்தும். மூட்டு நோய் சில ஆண்டுகள் கழித்தே தொடரும். காலையில் எழுந்ததும் மூட்டுகள் அரை மணிக்கு மேலும் விறைத்திருத்தல், ஒரு விரல் முழுவதும் வீங்கித் தடித்தல், நகத்தில் ஊசியாற் குத்தினாற்போன்ற குழிகள் தோன்றல், குதிகாலில் நோவு ஆகியன அதன் முன்னறிவிப்புகள். "வயதானால் வருவதுதானே" என்று இருந்துவிட்டால், அழிந்த மூட்டு மீளாது. உரிய காலத்தில் வைத்தியரை நாடினால், அம்மூட்டைக் காக்கவல்ல மருந்துகள் இன்று உண்டு.

இந்நோயாளரை விலக்கி வைப்பதால் வீட்டார் பெறும் காப்பு எதுவுமில்லை. மனம் நொந்த நோயாளர் வைத்தியரிடமும் செல்லாது தம்மை மறைத்துக்கொள்வதே மிச்சம். எல்லாருக்கும் இட்ட பந்தியிலே அவருக்கும் இலை இடுவோமாக. எந்த எண்ணெயும் தரமுடியாத குணம் ஒன்று அதில் உண்டு.