யூரோவை நூறால பெருக்காதீங்க பாஸ்!

‘எட்டு மணிக்கு மீட் பண்ணலாம் மச்சி’னு வாக்கு கொடுத்துட்டு, எட்டரைக்குப் பல் தேய்ச்சுக்கிட்டே, ‘வந்துட்டே இருக்கேன்டா... சிக்னல்ல நிக்கிறேன்’னு கூசாம புளுகற ஆளா நீங்க? கறிவேப்பிலை, கொத்தமல்லியை எல்லாம் கொசுறா மட்டுமே வாங்கிப் பழக்கப்பட்ட வீட்டுப் பிள்ளையா? மேல்படிப்புக்கு ஜெர்மனி போற ஐடியா வேற இருக்கா? அப்படின்னா இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். அங்கே போய் இறங்கற நம்ம பசங்களை முதல் மூணு மாசம் படுத்தற விஷயம் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு காசு, இன்னொண்ணு கடிகாரம்!

மாசம் 992... அவ்வளவுதான்!

அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் டியூஷன் ஃபீஸ் கிடையாது என்பது உண்மைதான். ஆனால், எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அட்மிஷனுக்கு முன்பே விசாரித்து விடுங்கள். சாப்பாடும் வாடகையும் எப்படியும் உங்கள் பொறுப்பு. அதற்குப் பணம் இருக்கிறது என்று காட்டத்தான் ‘பிளாக்டு அக்கவுன்ட்’. 2024 செப்டம்பரில் இதை வருஷத்துக்கு 11,904 யூரோ என்று உயர்த்தினார்கள். மொத்தத்தையும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். ஆனால், மாசம் 992 யூரோதான் கையில் வரும். உங்க பணம்தான், ஆனா உங்க இஷ்டத்துக்கு எடுக்க முடியாது! அறை வாடகை, ஹெல்த் இன்ஷூரன்ஸ் இரண்டுக்குமே பல ஊர்களில் பாதிக்கு மேல் காலி. மீதியில்தான் வாழ்க்கை.

பெருக்கல் வியாதி

கடைக்குப் போன முதல் நாளே தொற்றிக்கொள்ளும் வியாதி இது. ஒரு டோனர் கபாப் ஏழு யூரோ என்று போர்டு தொங்கும். மனசுக்குள்ள கால்குலேட்டர் ஓடும். ‘ஐயோ, 700 ரூபாய்! ஊர்ல நாலு பேர் வயிறு முட்ட பிரியாணி சாப்பிடலாமே’னு திரும்பி வந்து, ராத்திரி ரொட்டியும் ஜாமும் தின்னுட்டுப் படுப்பாங்க. ஒரு நாள் சரி. எல்லா நாளும் இப்படியே போனால் மிச்சமாவது காசு, கெட்டுப் போவது உடம்பு. எஜுகேஷன் லோன் போட்டு அனுப்பிய அப்பாவிடம் ‘நல்லா சாப்பிடறேன்ப்பா’ன்னு பொய் வேற சொல்லணும்!

இதுக்கு ஒரு மாற்றுக் கணக்கு இருக்கு. விலையை ரூபாயாக மாற்றாதீர்கள். உழைப்பு நேரமாக மாற்றுங்கள். 2026 ஜனவரியில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ ஆனது. அப்படியானால் அந்த டோனர், அரை மணி நேர வேலை. இப்ப பயம் குறையுதா? வெளிநாட்டு மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை பார்க்க அனுமதி உண்டு. ஆனால், ஜெர்மன் பேசத் தெரியாமல் பார்ட் டைம் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் இந்தச் சம்பளத்தை மட்டுமே நம்பி விமானம் ஏறாதீர்கள்.

தினமும் வெளியில் சாப்பிட வேண்டியதும் இல்லை. பல்கலைக்கழக கேன்டீனுக்கு ‘மென்சா’ என்று பெயர். மாணவர் விலையில் சூடான சாப்பாடு கிடைக்கும். ஆல்டி, லிடில் மாதிரி சிக்கனக் கடைகளில் பாலும் முட்டையும் உருளைக்கிழங்கும் கட்டுபடியாகிற விலைதான். இட்லி அரிசி, துவரம்பருப்பு, கறிவேப்பிலைக்கு ஆசியக் கடைகள் இருக்கவே இருக்கு. பெரிய ஊர்களில் இலங்கைத் தமிழர் நடத்தும் கடைகளும் உண்டு. 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்து காலூன்றியவர்கள் அவர்கள். ஹாம் நகரில் 2002-ல் கோபுரத்தோடு காமாட்சி அம்பாள் கோயிலே கட்டி விட்டார்கள். ‘தம்பி, என்ன வேணும்?’னு ஒரு குரல் கேட்டா, பையில சாமான் ஏறுதோ இல்லையோ, மனசு நிறைஞ்சிடும்.

பாட்டிலை வீசாதீங்க

பில்லில் தண்ணி விலையோடு கூடுதலாக 25 சென்ட் போட்டிருப்பார்கள். ஏமாத்திட்டாங்கன்னு சண்டைக்குப் போயிடாதீங்க! அதற்குப் பெயர் ‘ஃபான்ட்’. காலி பாட்டிலை சூப்பர் மார்க்கெட் மெஷினில் போட்டால் சீட்டு வரும். அதைக் காட்டினால் காசு திரும்பி விடும். நாலு பாட்டில் சேர்ந்தால் ஒரு யூரோ. பாட்டில் பொறுக்கி அந்தக் காசில் வயிற்றைக் கழுவும் முதியவர்களும் அங்கே உண்டு. அவர்கள் குப்பைத் தொட்டிக்குள் கையை விட வேண்டாமே என்று, பலர் பாட்டிலைத் தொட்டிக்கு வெளியே வைத்து விட்டுப் போவார்கள். பணக்கார நாட்டின் இந்தப் பக்கத்தையும் பார்த்து வையுங்கள்.

ஞாயிறு = பூட்டு

‘லீவு நாள்ல ஹாயா ஷாப்பிங் போகலாம்’ என்ற கனவா? ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாள் என்று ஜெர்மனியின் அரசியல் சட்டமே காப்பாற்றுகிறது. சூப்பர் மார்க்கெட்டுகள் இழுத்து மூடிக் கிடக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்க்குகளும்தான் கதி. அங்கே விலை எகிறும். ஈஸ்டர் வந்தால் இன்னும் மோசம். புனித வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் லீவு. நடுவில் திறந்திருக்கும் சனிக்கிழமை தூங்கிட்டீங்கன்னா, திங்கள் ராத்திரி வரைக்கும் நூடுல்ஸ்தான் துணை!

எட்டரையா, ஏழரையா?

இப்போ கடிகாரத்துக்கு வருவோம். ஜெர்மன்காரர் ‘ஹால்ப் ஆஹ்ட்’ என்பார். வார்த்தைக்கு வார்த்தை ‘அரை எட்டு’. எட்டரைன்னு நினைச்சுக்கிட்டுப் போனீங்க, தொலைஞ்சீங்க! அவர் சொன்னது ஏழரை. எட்டை நோக்கிப் பாதி வந்தாச்சு என்பது அவர்கள் கணக்கு. நம்மாளுக்கு ஏழரை ஆரம்பிக்கறது இங்கேதான்!

விசா நீட்டிப்புக்கான ஆபீஸில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. லேட்டாகப் போய் அதைக் கோட்டை விட்டால், அடுத்த தேதிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அங்கே ‘டிராஃபிக் சார்’ எடுபடாது.

ஆனால், ஒரே இடத்தில் மட்டும் தாமதத்துக்குச் சலுகை! வகுப்பு நேரத்துக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்று போட்டிருந்தால் கால் மணி நேரம் கழித்து ஆரம்பம். லத்தீனில் ‘நேரத்தோடு’ என்று அர்த்தம். பத்து மணி வகுப்பு 10.15-க்குத் தொடங்கும். ‘எஸ்.டி.’ என்றிருந்தால் பத்துன்னா பத்துதான். எழுத்து மாறினா தலையெழுத்தும் மாறிடும்.

அப்போ அவங்க ரயில்?

நீங்க கேக்கறது நியாயம்! ஜெர்மன் ரயில் நிறுவனமான டாய்ச்ச பானில், ஆறு நிமிஷத்துக்குள் தாமதமானால் அது ‘சரியான நேரம்’ என்றே கணக்கு. அப்படியும் 2024-ல் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. ஆனால் ஒரு வித்தியாசம். சேர வேண்டிய இடத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் டிக்கெட்டில் 25 சதவீதம், இரண்டு மணி நேரம் என்றால் 50 சதவீதம் திருப்பிக் கேட்கலாம். தாமதத்துக்கு அவர்களும் காசு கொடுக்க வேண்டும். அதனால் முக்கியமான வேலை இருக்கும் நாளில் ஒரு ரயில் முன்னதாகவே ஏறி விடுங்கள்.

கிளம்ப இன்னும் ஆறு மாசம் இருக்கா? இன்னிலேர்ந்தே பிராக்டீஸ் ஆரம்பிங்க. ஒரு மாசச் செலவை நோட்டில் எழுதுங்கள். நாலு குழம்பு வைக்கக் கத்துக்குங்க. ஜெர்மன் கிளாஸில் சேருங்கள். அடுத்த தடவை ஃப்ரெண்டு எட்டு மணிக்கு வரச் சொன்னா, எட்டு மணிக்கே போய் நில்லுங்க. அவன் அரை மணி நேரம் கழிச்சு வருவான். நிக்கறவன் கஷ்டம் என்னன்னு அப்ப புரியும்!