ஒரு புட்டி குளுக்கோஸ்

"ஊசி போடாத வைத்தியரும் ஒரு வைத்தியரா?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். சித்தூர்த் தாலுகாவிலும் சரி, தேவிகுளத்துத் தேயிலைத் தோட்ட லயங்களிலும் சரி, உடம்பு சற்றுச் சோர்ந்தால் ஒரு புட்டி குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டால்தான் நமக்கு மனம் ஆறுகிறது. அந்தப் புட்டியில் இருப்பது பெரும்பாலும் அரை லிட்டர் நீரும் 25 கிராம் சர்க்கரையுமே. வாயால் உண்ணக்கூடியவருக்கு இரண்டு வாழைப்பழம் அதற்கு ஈடு.

சென்ற ஆண்டு நம் உறவினர் வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. ஆஷா ஊழியரான அம்மையார் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பொடியைக் கரைத்துக் கொடுப்பதும் ஒரு வைத்தியமா என்று அவற்றை அலமாரியில் வைத்துவிட்டார்கள். தண்ணீர் கொடுத்தால் போக்கு மிகும் என்றஞ்சி, வாய் நனைக்காமலே மலைப்பாதையில் மூன்று மணி நேரம் பேருந்தில் கொண்டுசென்றார்கள். போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் கண்கள் குழிந்திருந்தன. அழுதால் கண்ணீர் வரவில்லை. பிழைத்தது தெய்வாதீனம். "பொடியெல்லாம் எதற்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று தொலைபேசியில் சொன்னவர்களுள் நாமும் ஒருவர்.

1971-இல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் சர்க்கரையையும் நீரில் கரைத்து வாய்வழி கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. குடலில் சர்க்கரை உப்பையும், உப்பு நீரையும் உடன் இழுத்துச் செல்லும் என்பதே இதன் சூட்சுமம்.

தேவையின்றி ஏற்றிய புட்டி அங்கேயே மறைந்துவிடுவதுமில்லை. குழாய், ஊசி, கையுறை யாவும் கழிவாகின்றன. கேரளத்து ஆஸ்பத்திரிகள் பலவற்றின் கழிவு, நம் பாலக்காட்டு மலம்புழா அருகே இந்திய மருத்துவச் சங்கம் நடத்தும் 'இமேஜ்' நிலையத்துக்கே லாரியில் வந்து சேருகிறது. அங்கே சில எரிக்கப்படுகின்றன. சில நீராவியில் வேகவைத்துப் பொடியாக்கப்படுகின்றன. நம் வீட்டு ஆசைக்கு மலையடிவாரத்தில் புகை!

ஒரு லிட்டர்ப் பொட்டலமாயின் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். அரைகுறையாகக் கரைத்தல் தீது. சிறு குழந்தைக்குக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மெல்லத் தொடரலாம். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. ஒரு நாள் கடந்த கரைசலைக் கொட்டிவிட வேண்டும். குழந்தை குடிக்க மாட்டாமல் துவண்டாலும், கண் குழிந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. அங்கே குளுக்கோஸோ உப்புநீரோ ஏற்றுவதை வைத்தியர் தீர்மானிப்பார். விழுங்கக்கூடுமாயின், வழிநெடுகப் பேருந்திலும் கரண்டியை நிறுத்த வேண்டாம்.