பழைய கம்ப்யூட்டரின் வேகத்தைக் கூட்டலாமா?

"பில் போடும் கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் போகிறது. காசு செலவில்லாமல் வேகத்தைக் கூட்ட வழி உண்டாமே?" என்று கேட்கும் வணிக அன்பர்கள் உண்டு. வழி உண்டு. ஓவர்கிளாக்கிங் என்று அதற்குப் பெயர்.

நம் தஞ்சைச் சீமைக்காரர்களுக்கு இதை அரிசி மில்லை வைத்துச் சொல்லிவிடலாம். மோட்டாரில் உள்ள புல்லியைப் பெரிதாக்கினால் ஹல்லரின் சுற்று கூடும். மணிக்கு அரைக்கும் மூட்டையும் கூடும். அளவு மீறினால் பேரிங் கொதிக்கும், குருணை விழும். கம்ப்யூட்டரில் மதர்போர்டு தரும் துடிப்புதான் மோட்டார். அதைப் பெருக்கும் மல்டிப்ளையர்தான் புல்லி. 2011-இல் வந்த இன்டெல் ஐ5-2500கே பிராசஸரில் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ், மல்டிப்ளையர் 33. ஆக வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். மல்டிப்ளையரை 40 ஆக்கினால் 4 கிகாஹெர்ட்ஸ்.

பெயரின் கடைசியில் உள்ள 'கே' எழுத்துதான் மல்டிப்ளையர் பூட்டப்படவில்லை என்பதற்கு அடையாளம். மதர்போர்டும் அதற்கு இடம் தர வேண்டும். கடைகளில் இருப்பவை பெரும்பாலும் பூட்டிய ரகமே. பூட்டு வந்ததற்கு ஒரு காரணம் நம்மவர்களுக்கு உடனே புரியும். 1990-களில் சிலர் குறைந்த வேகப் பென்டியத்தின் எழுத்தை அழித்து, கூடுதல் வேகத்தை அச்சடித்து விற்றார்கள். சாதா அரிசியைப் பொன்னிச் சாக்கில் கட்டும் வேலைதான்! பூட்டிய பிறகும் 1998-இன் செலரான் 300ஏ-வில் துடிப்பை 66-இலிருந்து 100 ஆக்கி, 450 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டியவர்கள் உண்டு.

புதிதாகச் செய்பவர்கள் முதலில் கணக்குகளை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள். பயாஸில் உள்ள பழைய எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு, மல்டிப்ளையரை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் சோதனை மென்பொருளைச் சில மணி நேரம் ஓட்டி வெப்பத்தைப் பாருங்கள். 80 டிகிரியைத் தாண்டினால் பின்வாங்குவதே நல்லது. வோல்டேஜில் கை வைக்க வேண்டாம். அதை 10 சதவீதம் கூட்டினாலே மின்செலவும் வெப்பமும் ஏறத்தாழ 20 சதவீதம் கூடும். மார்கழியில் ஒழுங்காக ஓடியது சித்திரை வெயிலில் நின்றுவிடலாம். ஃபேனில் தவிட்டுத் தூசி அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

கம்ப்யூட்டர் நின்றுபோனால் கண்ணுக்குத் தெரியும். நிற்காமல் ஓடிக்கொண்டே தப்புக் கணக்குப் போட்டு, அதை டிஸ்க்கில் எழுதிவிட்டால்தான் ஆபத்து. மில்லில் குருணையைச் சலித்துப் பிரிக்கலாம். பேரேட்டில் விழுந்த குருணை ஜிஎஸ்டி தாக்கல் செய்யும்போதுதான் தெரியவரும். ஆகவே கணக்கு உள்ள கம்ப்யூட்டரில் இதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. ஒதுக்கிப் போட்ட பழையது ஒன்றிருந்தால் அதில் பழகலாம்.

பில் கம்ப்யூட்டர் இழுப்பதற்குப் பெரும்பாலும் பழைய ஹார்டு டிஸ்க்தான் காரணம். அதை மாற்றி எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் பலன் ஓவர்கிளாக்கிங்கில் கிடைக்காது. இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 2011-இன் பிராசஸரை எவ்வளவு விரட்டினாலும் விண்டோஸ் 11-க்கான இன்டெல் பட்டியலில் அதற்கு இடமில்லை.

பழகும்போது கம்ப்யூட்டர் எழும்பவே மறுத்தால் பதற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி மாட்டுங்கள். பெரும்பாலும் பழைய எண்களுக்கே திரும்பிவிடும். பிறகு பயாஸில் தேதியைச் சரிசெய்ய மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அடுத்த பில்லில் பழைய ஆண்டு அச்சாகும்.